மௌனமும் ஒரு பிரசங்கமே



கிளிநொச்சிப் பகுதியிலே சிறியதொரு பங்கில் நான் பணியாற்றிய காலத்தில் நடந்ததொன்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். யுத்தம் ஓய்ந்து சில ஆண்டுகளே சென்றிருந்தன. கோவில் இன்னும் முழுதாய் எழும்பவில்லை. எஞ்சி நின்ற பழைய சுவர்களுக்கு மேலே தகரம் போட்டிருந்தோம். ஞாயிறு பூசைக்கு நூறு பேர் வரை கூடுவார்கள். அவர்களோடு, அருகிலிருந்த முகாமிலிருந்து ஒரு சிப்பாயும் வருவார். அவர் மேற்குக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். சீருடையில் வரமாட்டார். வெள்ளைச் சேட்டு அணிந்து, வாசற்படியை ஒட்டிக் கடைசியில் நிற்பார். நன்மை வாங்கவும் கடைசியாகவே வருவார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் உடுப்புக் களைந்துகொண்டிருக்கையில், பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பின்னறைக்குள் வந்தார். 2009இன் வைகாசியிலே தம் மகனைக் கடைசியாகக் கண்டவர் அவர். சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சுவாமி, அந்தப் பொடியன்ர நாக்கிலயும் என்ர நாக்கிலயும் ஒரே ஆண்டவரைத்தானோ வைக்கிறியள்?"

குருமடத்திலே கற்றதெல்லாம் உடனே எனக்குக் கைகொடுத்தது. திருச்சபை எல்லோருக்கும் தாய் என்றேன். நற்கருணை மனிதர் பிரித்ததை ஒன்றாக்கும் அருட்சாதனம் என்றேன். நான் சொன்னதில் ஒரு பிழையுமில்லை. ஆயினும் அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அவர் படலையைக் கடந்த பிறகே எனக்கு உறைத்தது.

ஆயுதம் ஏந்தியவனுக்கும் ஆயுதத்தால் அடிபட்டவனுக்கும் ஒரே நேரத்தில் ஆயனாயிருப்பது எப்படி? ஆறுதல் சொல்வதோடு ஆயனுடைய கடமை முடிந்துவிடுமா? பேச வேண்டிய இடத்திலே வாய் மூடியிருப்பது பாவமாகுமா? இவை குருக்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் என்று எண்ணிவிடாதீர்கள். குடும்பத் தலைவனுக்கும், ஆசிரியனுக்கும், கோவிற் சபையில் இருப்பவனுக்கும் இவை பொருந்தும். எனினும் இவற்றை மிகக் கூர்மையாகச் சந்திப்பவர் படைகளோடு செல்லும் ஆன்ம குருவே. அவரிடமிருந்து தொடங்குவோம்.

படை ஆன்ம குருவுக்கு மேலைநாட்டு மொழிகளில் வழங்கும் பெயர், ஒரு போர்வையிலிருந்து பிறந்தது. நான்காம் நூற்றாண்டில் உரோமைப் படையில் சேவித்த இளைஞரான மார்ட்டின், ஆமியேன் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனைக் கண்டு தம் போர்வையை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். பின்னர் கிறிஸ்துவின் போர்வீரனாகிய தாம் இனிப் போரிடலாகாது என்று படையை விட்டு விலகினார். கோழை என்று பழித்தவர்களிடம், ஆயுதமின்றி முன்னணியில் நிற்கத் தயார் என்றார். தூர் நகரின் மேற்றிராணியாராகி 397இல் மரித்தார். அவருடைய போர்வையைப் பிராங்கிய அரசர்கள் திருப்பண்டமாகப் போற்றிப் போர்க்களங்களுக்கே எடுத்துச் சென்றார்கள். அதைக் காத்த குருக்களுக்குப் போர்வையின் பெயரே பெயராயிற்று. பிச்சைக்காரனுக்காகக் கிழிந்த போர்வை, போருக்குக் காப்பாகச் சுமக்கப்பட்டது! படை ஆன்ம குருவின் சங்கடம் முழுவதும் இந்த ஒரு வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

திருச்சபை இப்பணியை வெறுக்கவில்லை. படைவீரனுக்கும் ஆன்மா உண்டு. சாவை அண்டி வாழ்பவனுக்கு அருட்சாதனங்கள் கூடுதலாகத் தேவை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டிலே, தாய்நாட்டுக்காகப் படையில் சேவிப்போர் மக்களின் பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் ஊழியராக இருக்கவேண்டும் என்று கூறியது. அதே ஏட்டிலே, நகரங்களை அவற்றின் மக்களோடு வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்றும் கண்டித்தது. ஆன்ம குரு இவ்விரு போதனைகளுக்கும் நடுவே நிற்பவர். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கிவிட்டால் என்னவாகும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் சபெல்கா என்ற குருவானவருக்கு அதுவே நேர்ந்தது. 1915இல் பிறந்து 1941இல் குருப்பட்டம் பெற்ற அவர், உலகப் போரிலே படை ஆன்ம குருவாகச் சேர்ந்தார். 1945இல் பசிபிக் சமுத்திரத்திலுள்ள தினியன் தீவில், ஹிரோசிமாவுக்கும் நாகசாகிக்கும் அணுகுண்டு சுமந்து சென்ற விமானப் பிரிவிலிருந்த கத்தோலிக்கருக்கு அவரே ஆன்ம குரு. அவர்களுக்குப் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், நன்மை கொடுத்தார். அணுகுண்டைப் பற்றி முன்கூட்டியே தமக்குத் தெரியாது என்று அவர் பின்னாளில் சொன்னார். ஆனால் ஜப்பானிய நகரங்கள் நெருப்புக் குண்டுகளால் எரிக்கப்பட்டமை அவருக்குத் தெரியும். அந்த ஆண்டு பங்குனியில் தோக்கியோ நகரில் ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். ஊருறங்கும் வேளையில் தாயும் பிள்ளையும் எரிந்தார்கள் என்பதை அறிந்திருந்தும், அதற்கு எதிராக ஒரு பிரசங்கமும் அவர் செய்யவில்லை.

போர் முடிந்தபின் ஜப்பானுக்குச் சென்று, குண்டினால் வெந்த குழந்தைகளை அவர் கண்ணாரக் கண்டார். ஆனாலும் மனம் திரும்பப் பல வருடங்கள் எடுத்தன. ஊருக்குத் திரும்பிப் பிளின்ற் நகரிலே பங்குத்தந்தையாகப் பணியாற்றினார். அங்கே கறுப்பின மக்களின் துயரத்தை நெருங்கிக் கண்டது அவர் உள்ளத்தை உழுதது. வயது ஏறிய பிறகு, 1980இல், அமெரிக்கச் சஞ்சிகையொன்றுக்கு அளித்த செவ்வியில் தம் குற்றத்தைத் தாமே அறிக்கையிட்டார். ஒரு சிப்பாய் தம்மிடம் வந்து, ஒரு குழந்தையின் தலையில் சுடலாமா என்று கேட்டிருந்தால், அது சாவான பாவம் என்று தயங்காமல் சொல்லியிருப்பாராம். ஆனால் ஆகாயத்திலிருந்து ஆயிரம் குழந்தைகளை எரித்துவிட்டு வந்தவர்கள் அவரிடம் அப்படிக் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. அவர் பேசாதிருந்ததே, 'செய்வது சரிதான்' என்று அவர்களுக்குப் போதித்த பிரசங்கமாயிற்று.

நாகசாகியின் கதையையும் அறிந்தால்தான் இந்த மௌனத்தின் விலை விளங்கும். யப்பானுக்கு 1549இல் வேதம் கொண்டுபோனவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அவர் பெயரை நம் மன்னார்க் கரையும் அறியும். பின்னர் எழுந்த வேதகலாபனையிலே குருக்கள் எல்லாரும் கொல்லப்பட, அல்லது துரத்தப்பட, இருநூற்றைம்பது வருடங்களாகக் குருவின்றி, பூசையின்றி, ஒளிந்து செபித்து விசுவாசத்தைக் காத்த மக்கள் நாகசாகியின் உறக்காமிப் பகுதியினர். 1865இல் அவர்கள் வெளிப்பட்டபோது உலகமே அதிசயித்தது. 1670இல் ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அம்மக்கள் அந்நியரல்லர். 1945 ஆவணி 9ஆம் திகதி, அந்தத் தேவாலயத்திலிருந்து அரைக்கிலோமீற்றர் அளவிலே குண்டு வெடித்தது. தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் மாண்டார்கள். உறக்காமியின் பன்னீராயிரம் கத்தோலிக்கரில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். குண்டு போட்ட விமானத்தை ஓட்டியவரும் ஒரு கத்தோலிக்கரே. அரசர்கள் இருநூற்றைம்பது வருடங்களாக அழிக்க முயன்று முடியாததை, ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவர் ஒரு காலைப்பொழுதிலே செய்து முடித்தார்.

இங்கே ஒரு நியாயம் எழும். தனியொரு குரு பேசியிருந்தால் விமானம் திரும்பியிருக்குமா? திரும்பியிராது. அவரை வேறிடத்துக்கு மாற்றியிருப்பார்கள். ஆயினும், பலன் வரும் என்று தெரிந்தால் மட்டுமே உண்மை பேசவேண்டும் என்று ஆண்டவர் எங்கே கற்பித்தார்? ஸ்நாபக அருளப்பரிடம் போர்ச்சேவகரும் வந்தார்கள், தாங்கள் செய்யவேண்டியது என்னவென்று கேட்டார்கள். அவர் அவர்களை விரட்டவில்லை. அதேவேளை, வெறும் ஆசீர்வாதத்தோடு அனுப்பிவைக்கவும் இல்லை. எவரிடமும் பறிக்காதே, பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு என்று, அவர்கள் தொழிலிலே மலிந்திருந்த பாவங்களைப் பெயர் சொல்லிக் காட்டினார். சேவகனை நேசிப்பவன் அவனிடம் இதைத்தான் சொல்வான். அவனை நேசிக்காதவனே அவன் விரும்புவதை மட்டும் சொல்வான்.

சபெல்கா சுவாமியார் தம் எஞ்சிய காலத்தைத் தவமாக்கினார். 1982இல், அறுபதைக் கடந்த வயதிலே, வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அணு நீர்மூழ்கித் தளத்தின் அருகிலிருந்து பெத்லெகேமை நோக்கி மற்றவர்களோடு நடந்தார். 1983 நத்தார் வேளையில் அங்கே சேர்ந்தார். ஜப்பானுக்கும் போய், உயிர்தப்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 1992இல் இறைவனடி சேர்ந்தார். பேசவேண்டிய காலத்திலே பேசாத வாய், பேசிப் பயனில்லை என்று பலர் எண்ணக்கூடிய காலத்திலே பேசியது. அதனைப் பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். இன்று நாம் அதைப் பற்றிச் சிந்திப்பதே அதன் பயன்.

அதே நாட்டைச் சேர்ந்த இன்னொரு படை ஆன்ம குரு எமில் கப்பான். கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூரான பில்செனில் பிறந்து, அங்கேயே பங்குப் பணியும் செய்தவர். 1950 கார்த்திகையில் கொரியப் போரிலே, தப்பிச்செல்ல வாய்ப்பிருந்தும் காயப்பட்டவர்களோடு தங்கிச் சிறைப்பட்டார். பட்டினி கிடந்த கைதிகளுக்காக உணவு திருடினார், அவர்கள் புண்களைக் கழுவினார், தடைவிதிக்கப்பட்டும் செபம் சொல்லிக்கொடுத்தார். 1951 வைகாசியில் முகாமிலேயே உயிர்விட்டார். 2025இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக உயர்த்தினார். ஒருவர் கூட இருப்பதன் மகிமையை நமக்குக் காட்டினார். மற்றவர் கூட இருந்தும் பேசாதிருந்ததன் பாரத்தைக் காட்டினார். ஆயத்துவத்துக்கு இரண்டும் வேண்டும். விட்டு ஓடாத கால்களும் வேண்டும், விழுங்கிவிடாத வாயும் வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

விட்டு ஓடாத கால்களை வன்னி கண்டிருக்கிறது. மனித உரிமைப் பணியில் ஈடுபட்டிருந்த அருட்தந்தை கருணாரத்தினம் 2008 சித்திரை 20ஆம் திகதி, ஞாயிறு பூசை முடித்துத் திரும்புகையில் கிளைமோர் வெடியில் பலியானார். அருட்தந்தை சரத்ஜீவன் இறுதிவரை மக்களோடிருந்து, 2009 வைகாசி 18இல் வெளியேறும் வேளையில் உயிர்நீத்தார். அதே நாளில், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் யோசப், சரணடைந்தவர்களோடு தாமும் சென்றார். அதற்குப் பின் அவரைக் கண்டவர் இல்லை. வலைஞர்மடம் கோவில்மீது எறிகணை வீழ்ந்ததில் ஒரு குருவானவர் காலை இழந்தார். கப்பான் சுவாமியாரை வணங்கும் உலகுக்கு, நம் குருக்களையும் நாம் எடுத்துச் சொல்லவேண்டும்.

விழுங்கிவிடாத வாயையும் வன்னி கண்டது. 2021இல் மறைந்த மன்னார் மேற்றிராணியார் இராயப்பு யோசப் ஆண்டகை, 2011 தையிலே அரசு நியமித்த ஆணைக்குழுவின் முன் கச்சேரிக் கணக்கையே கையில் எடுத்துக்கொண்டு போனார். 2008 ஐப்பசியில் வன்னியிலிருந்தோர் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 2,82,380 பேர். மிகுதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். உரத்துக் கத்தவில்லை, எவரையும் ஏசவில்லை. ஒரு கழித்தல் கணக்கைச் செய்து காட்டி விடை கேட்டார்.

ஆயினும், அன்பர்களே, ஆன்மசோதனை நம்மிடமிருந்தே தொடங்கவேண்டும். சபெல்கா சுவாமியார் பேசத் தவறியது எதிரிப் படையிடம் அல்ல, தம் சொந்தப் பக்கத்திடம். எதிரியின் பாவத்தைக் கண்டிக்கத் துணிவு தேவை. நம்முடைய பாவத்தைக் கண்டிக்க அதனிலும் பெரிய துணிவு தேவை. ஏனெனில் அங்கே இழப்பது உயிரை மட்டுமல்ல, உறவையும்தான். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, இறுதிக் கட்டத்திலே மக்களில் பெரும்பாலோர் அரச படைகளின் எறிகணைகளாலேயே மாண்டனர் என்று கூறியது. அதே அறிக்கை, வலைஞர்மடம் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கான இளைஞர்களை இயக்கம் பலவந்தமாகப் பிடித்துச் சென்றதையும் கூறியது. இரண்டும் நம் பிள்ளைகளின் உயிர்தான். அந்நாட்களில் துணிந்து பேசிய குருக்கள் இருந்தார்கள். தங்கள் உடம்பை வாசலில் நிறுத்தித் தடுக்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள். பேசாதவர்களும் இருந்தார்கள். அப்போது குருமடத்திலே பாதுகாப்பாக இருந்த நான் அவர்களுக்குத் தீர்ப்பிட உரிமையற்றவன். ஆனால் இன்று ஒரு பயமுமில்லாத காலத்திலும் முதலாவதை மட்டும் பேசி இரண்டாவதை விழுங்கினால், அதற்கு நான் என்ன நியாயம் சொல்வேன்?

இது போர்க்காலத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் சொல்லவேண்டும். சிறிய ஊரின் பங்குத்தந்தையும் ஒரு வகையில் ஆன்ம குருவே. அவர் எல்லார் வீட்டிலும் சாப்பிடவேண்டியவர், எல்லாரிடமும் கோவிற் கட்டட நிதிக்குக் கை நீட்டவேண்டியவர். தகரத்துக்குப் பணம் தந்தவர் ஏழைப் பெண்களிடம் அநியாய வட்டி வாங்குபவராயிருக்கலாம். பெருநாளுக்குப் பந்தல் போட்டவர் கசிப்பு விற்பவராயிருக்கலாம். சுரூபம் தூக்க இன்ன தெருவார் மட்டுமே வரலாம் என்று மூப்பர்கள் காதோடு சொல்லலாம். குரு இவற்றையெல்லாம் கண்டும் காணாதவராய்ச் சமாதானத்தைப் பற்றி இனிமையாகப் பிரசங்கிக்கலாம். ஊரிலே நல்ல சுவாமி என்ற பெயரும் நிலைக்கும். தினியன் தீவிலும் சபெல்கா சுவாமியார் நல்ல சுவாமியாகவே இருந்தார். பெற்றோரும் இதைச் சிந்திக்கட்டும். வெளிநாட்டுக்காசு எப்படி வந்தது என்று மகனைக் கேட்காத தகப்பனும், மருமகளை ஏசும் மகனைக் கண்டிக்காத தாயும் இதே மௌனத்தைத்தான் தங்கள் வீட்டிலே பிரசங்கிக்கிறார்கள்.

அந்தத் தாயிடம் நான் மறுபடி போனேன். அவர் முற்றத்துப் பாலை மரத்தடியிலே இருந்து, அன்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னார்: "அவனைக் கோயிலுக்கு வெளியால விடச் சொல்லேல்லை, சுவாமி. அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. எங்களைப் பற்றி அவனிட்ட ஒருக்காலாவது கதைச்சனீங்களோ எண்டுதான் கேட்டனான்."

கதைத்திருக்கவில்லை. அவருடைய அனுமதியோடு அடுத்த ஞாயிறு அந்தச் சிப்பாயை நிறுத்தி, எனக்குத் தெரிந்த சிங்களத்திலே சொன்னேன்: "உனக்கு முன்னே நாலு வரிசை தள்ளி முழந்தாளிடும் அந்த அம்மாவின் மகன், கைகளை உயர்த்திக்கொண்டு உன் படையிடம் வந்தவன். பிறகு அவனைக் காணவில்லை. உன் முகாமிலே தெரிந்தவர்கள் இருந்தால், அவர்கள் வாய் திறக்கவேண்டியது கடவுளுக்குச் செலுத்தும் கடன்." அவர் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்நாட்களில் தாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றார். மறு ஞாயிறு அவர் வரவில்லை. நான் ஓர் ஆட்டைத் துரத்திவிட்டேனோ என்று கலங்கினேன். அதற்கடுத்த ஞாயிறு வந்தார். சமாதானம் சொல்லும் வேளையில் அந்தத் தாயிருந்த பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அவரும் கூப்பினார். அவ்வளவுதான். மகனைப் பற்றிய செய்தி எதுவும் வரவில்லை. சில மாதங்களில் சிப்பாய்க்கும் இடமாற்றம் வந்தது.

ஒரு பாதியை மட்டும் சொல்லி முடித்தால் நான் இக்கட்டுரையை எழுதிய நோக்கமே கெட்டுவிடும். அதே கோவிலின் வெளியே, வேலிக்கரையில் நின்றபடி பூசை காணும் இன்னொருவரும் இருந்தார். ஒருகாலம் இயக்கத்திலிருந்து ஊருக்குள் பிள்ளை பிடிக்க வந்தவர் அவர். புனர்வாழ்வு முடிந்து திரும்பியிருந்தார். உள்ளே இருந்த இரண்டு குடும்பங்கள் அவர் முகத்தை மறக்கவில்லை. சிப்பாயிடம் பேச எனக்கு இரண்டு வாரம் போதுமாயிருந்தது. இவரிடம் பேச ஒன்றரை வருடம் எடுத்தது. அந்தச் சிப்பாய் அந்நியர், இவரோ நம்மவர். இந்த வித்தியாசத்திலே என் சொந்த மனச்சாட்சியை நான் கண்டுகொண்டேன்.

2017 மாசியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். விடை காணாமலே அவர்களிற் பலர் கண்மூடிவிட்டார்கள். அவர்கள் நம்மிடம் தத்துவம் கேட்கவில்லை. தெரிந்தவன் சொல்லட்டும், கேட்கவேண்டியவன் கேட்கட்டும் என்பதே அவர்கள் கேட்பது.

நல்ல ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்று ஆண்டவர் போதித்தார். நம்மில் பெரும்பாலோரிடம் அவர் உயிரைக் கேட்கப்போவதில்லை. நமக்கு வேண்டியவர் ஒருவரிடம், அவர் கேட்க விரும்பாத ஒரு வார்த்தையை, அன்போடும் நேரத்தோடும் சொல்லச் சொல்லிக் கேட்பார். சபெல்கா சுவாமியாருக்கு அதற்கு ஏறக்குறைய முப்பத்தைந்து வருடங்கள் எடுத்தன. நாம் அவ்வளவு காலம் எடுக்காதிருக்க அவர் அருள்புரிவாராக.